பிரிப்பது எளிது, சேர்ப்பதுதான் வித்தை!



கோடை விடுமுறைக்குச் சங்கரன்கோவிலில் இருக்கும் தாத்தா வீட்டுக்குப் போயிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொல்லைப்புறத்தில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே விறகு, உடைந்த கட்டில், ஓட்டைக் குடம். மூலையில் தார்ப்பாய் போட்டு மூடிய ஏதோ ஒன்று. மெல்லத் தூக்கிப் பார்க்கிறீர்கள். அட, கார்! பழைய சினிமாவில் ராஜா வீட்டுப் பிள்ளை ஓட்டி வருவாரே, அந்த மாதிரி கூரையை மடித்துவிடக்கூடிய திறந்த கார்!

ஆனால் நான்கு டயரும் தரையோடு தரையாக ஒட்டிக் கிடக்கின்றன. சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்துகிறது. துணிக்கூரை கந்தல் கந்தலாகத் தொங்குகிறது.

"எடைக்குப் போட்டுடலாம். நாலு காசாவது தேறும்" என்கிறார் மாமா.

"இல்லை, நாமே சரி பண்ணி ஓட்டலாம்" என்கிறார் சித்தப்பா.

நீங்கள் யார் பக்கம்? சித்தப்பா பக்கம்தானே! சரி, அந்தக் காரை எப்படிப் பிழைக்க வைப்பது என்று பார்ப்போமா?

கூரை இல்லாத கார் எதற்கு?

முதன்முதலில் வந்த கார்களுக்குக் கூரையே கிடையாது. ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் 1886-இல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியும் அப்படித்தான். வெயில், மழை, தூசி எல்லாம் ஓட்டுபவர் தலையில்தான். பிறகு மூடிய கார்கள் பெருகின. அதற்குப் பின், வேண்டும்போது திறந்து வேண்டாதபோது மூடிக்கொள்ளும் கார் என்பது பணக்காரர்களின் ஆசைப் பொருளாகிவிட்டது.

நம் நாட்டு ராஜாக்களுக்கு இந்த வகைக் கார்கள் என்றால் உயிர். குஜராத்தில் உள்ள ராஜ்கோட்டின் மன்னருக்காக 1934-இல் இங்கிலாந்தில் ஒரு ரோல்ஸ் ராய்ஸ் காரைச் செய்தார்கள். 'ஸ்டார் ஆஃப் இந்தியா' என்று பெயர். காவி நிற உடல், பளபளக்கும் அலுமினிய பானெட், மடக்கக்கூடிய கூரை! அந்தக் கார் 1968-இல் விற்கப்பட்டு வெளிநாடு போய்விட்டது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான பிறகு, அதே அரச குடும்பத்தினர் அதைத் தேடிப் பிடித்துத் திரும்ப ராஜ்கோட்டுக்கே கொண்டுவந்தார்கள். அத்தனை ஆண்டுகளும் யாரோ அதைத் துடைத்து, எண்ணெய் போட்டு, ஓட்டிப் பார்த்துக் காப்பாற்றியதால்தான் அது திரும்பி வர முடிந்தது.

நம் கொட்டகைக் காருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அதற்கு நோய் வந்துவிட்டது.

காருக்கு என்ன நோய்?

முதல் நோய் துரு. இரும்போடு தண்ணீரும் காற்றில் உள்ள ஆக்சிஜனும் சேர்ந்தால் துரு பிடிக்கும். துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொண்டு உப்பும், பொரிந்து உதிரும். உதிர்ந்த இடத்தில் புது இரும்பு வெளியே தெரியும். அதையும் துரு தின்னும். தூத்துக்குடி, திருச்செந்தூர் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று இதை இன்னும் வேகப்படுத்தும். சங்கரன்கோவில் கரிசல் காட்டு ஊர். காற்றில் ஈரம் குறைவு. எனவே இரும்புக்குக் கொஞ்சம் நல்ல காலம். ஆனால் அதே வெயிலில் ரப்பரும் தோலும் காய்ந்து வெடித்துவிடும்.

திறந்த காருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. கூரைத் துணி கிழிந்தால் மழைநீர் நேராக உள்ளே இறங்கும். தரையில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் ஓட்டைகளை இலைச் சருகு அடைத்துக்கொள்ளும். பிறகென்ன, தரைத் தகடு சல்லடைதான்! பழைய ஆடம்பரக் கார்கள் பலவற்றில் தகட்டுக்கு உள்ளே மரச்சட்டம் இருக்கும். அதைக் கரையான் அரித்துவிடும். பெட்ரோல் நாள்பட்டுப் பிசின் போலாகி கார்புரேட்டரின் சின்னத் துளைகளை அடைத்துவிடும். எலி வயரைக் கடித்து வைத்திருக்கும்.

முதல் தவறு

சித்தப்பாவுக்கு அவசரம். புது பேட்டரி வாங்கி மாட்டி, சாவியைத் திருகி, "ஸ்டார்ட் ஆகுதா பார்ப்போம்" என்பார். அவர் கையைப் பிடித்து நிறுத்துங்கள்!

பல ஆண்டுகள் ஓடாத இன்ஜினுக்குள் பிஸ்டன், சிலிண்டரோடு துருவால் ஒட்டிக்கொண்டிருக்கலாம். திடீரென்று சுழற்றினால் உள்ளே கீறல் விழும், உடைந்தாலும் உடையும். அனுபவமுள்ள மெக்கானிக் என்ன செய்வார் தெரியுமா? பிளக்குகளைக் கழற்றி, அந்தத் துளை வழியாகக் கொஞ்சம் எண்ணெய் விட்டு, சில நாள் ஊற விடுவார். பிறகு கையாலேயே மெல்லத் திருப்பிப் பார்ப்பார். அசைந்தால் சந்தோஷம். அசையவில்லை என்றால் மறுபடி எண்ணெய், மறுபடி காத்திருத்தல். பழைய பெட்ரோலையும் பழைய ஆயிலையும் வடித்த பிறகுதான் மற்ற வேலை.

செருப்புப் பெட்டி சோதனை

இப்போது ஒரு சோதனை. மூடியுள்ள செருப்புப் பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மூடியை நன்றாக ஒட்டிவிட்டு இரு கைகளாலும் பெட்டியை முறுக்கிப் பாருங்கள். லேசில் முறுக்க முடியாது. மூடியை எடுத்துவிட்டு முறுக்குங்கள். துணி பிழிவது போல வளையும்!

காரும் ஒரு பெட்டிதான். கூரை என்பது மழைக்கு மட்டும் அல்ல. பெட்டியை இறுக்கிப் பிடிக்கும் மூடியும் அதுதான். கூரை இல்லாத காரில் அந்தப் பலம் முழுவதும் அடியில் உள்ள சட்டத்திலும், கதவுக்குக் கீழே ஓடும் பகுதியிலும் இருக்கிறது. அங்கே துரு பிடித்தால் கார் நடுவில் தொய்ந்துவிடும்.

அதனால்தான் நல்ல டிங்கர், பெயின்ட்டைப் பார்ப்பதற்கு முன் கதவு இடுக்கைப் பார்ப்பார். மேலேயும் கீழேயும் ஒரே அளவு இடைவெளி இருந்தால் சட்டம் நேராக இருக்கிறது. மேலே நெருக்கம், கீழே அகலம் என்றால் கார் தொய்ந்திருக்கிறது. துருப்பிடித்த தரையை வெட்டி எடுக்கும் முன், கதவு இருக்கும் இடத்தில் குறுக்கே இரும்புக் கம்பியை முட்டுக் கொடுத்து வெல்டிங் வைப்பார்கள். அதை மறந்து தரையை வெட்டினால், புதுத் தரை போட்ட பிறகு கதவு மூடாது!

நீங்கள் செய்யக்கூடிய வேலை ஒன்று: சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி, இரும்பு உடலின் மேல் ஆங்காங்கே வைத்துப் பாருங்கள். சட்டென்று ஒட்டினால் அங்கே தகடு நன்றாக இருக்கிறது. ஒட்டாமல் நழுவினால், ஓட்டையை யாரோ பட்டி பூசி மறைத்திருக்கலாம். (அலுமினிய உடலில் காந்தம் எங்குமே ஒட்டாது. ஏமாந்துவிடாதீர்கள்!)

ஓடுவதற்கு முன் நிற்க வேண்டும்

ஆடித் தபசு விழாவில் கோமதி அம்மன் தேரைப் பார்த்திருக்கிறீர்களா? வடம் பிடித்து இழுக்க எத்தனையோ பேர். ஆனால் சக்கரத்துக்கு அடியில் கட்டை போட்டு நிறுத்தும் ஆள் இல்லாமல் தேர் ஓரடி நகருமா? காரும் அப்படித்தான். இன்ஜினை ஓட வைக்கும் முன் பிரேக்கைச் சரி செய்ய வேண்டும்.

கார்ல் பென்ஸின் மனைவி பெர்தா பென்ஸுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. 1888 ஆகஸ்டில் அவர் கணவரிடம்கூடச் சொல்லாமல், 15 வயது ஆய்கனையும் 13 வயது ரிச்சர்டையும் ஏற்றிக்கொண்டு 100 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம் கார் ஓட்டிப் போனார். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் குத்தும் ஊசியால் அடைப்பை எடுத்தார். இறக்கத்தில் பிரேக் கட்டை தேய்ந்தது. வழியில் இருந்த செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து அதன் மேல் தோல் அடிக்கச் சொன்னார். மேட்டில் வண்டி திணறியபோது பையன்கள் இறங்கித் தள்ளினார்கள். உங்கள் வயதுப் பிள்ளைகள்தான்!

ஒரு நோட்டு, நிறைய டப்பா

இனிதான் முக்கியமான விஷயம். பழைய கார்கள் பல, துருவால் சாவதில்லை. பாதியில் நின்றுபோன வேலையால்தான் சாகின்றன. ஆசை ஆசையாக ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் கழற்றிப் போடுவார்கள். ஆறு மாதம் கழித்து, எந்த போல்ட் எந்த ஓட்டைக்கு என்று யாருக்கும் தெரியாது. கடைசியில் கார் மூட்டை மூட்டையாகப் பழைய இரும்புக் கடைக்குப் போகும்.

சங்கரன்கோவிலில் விசைத்தறிச் சத்தம் கேட்டிருப்பீர்கள். பாவில் ஓர் இழை அறுந்தால், தறியை நிறுத்தி, அதே இழையை அதே இடத்தில் முடிச்சுப் போட்டுக் கோப்பார்கள். இடம் மாறினால் துணியில் கோடு விழும். கார் வேலையும் அதுபோலத்தான்.

எனவே ஒரு போல்ட்டைக் கழற்றும் முன் படம் எடுங்கள். கழற்றியதை டப்பாவில் போட்டு, 'இடது முன்கதவு, மேல் கீல், 3 போல்ட்' என்று சீட்டு ஒட்டுங்கள். நோட்டில் தேதியோடு எழுதுங்கள். வயர்களுக்கு நிறத்தையும் எங்கே போகிறது என்பதையும் எழுதிக் கட்டுங்கள். பெரியவர்கள் கழற்றட்டும், நோட்டு உங்கள் பொறுப்பில் இருக்கட்டும்.

பிரேக், இன்ஜின், வயரிங் முடிந்த பிறகு டிங்கர் வேலை. தகட்டின் பின்னால் இரும்புக் கட்டையை அணை கொடுத்து, முன்னால் சுத்தியலால் தட்டித் தட்டி நெளிவு எடுப்பார்கள். நன்றாகத் தட்டினால் பட்டி மெலிதாகப் போதும். அதன் பின் பெயின்ட். பிறகு குஷன் கடைக்காரர் சீட் தைப்பார். கூரைக்குத் துணி வெட்டி வளைவுக் கம்பிகளின் மேல் இழுத்துக் கட்டுவார். ஒன்று நினைவிருக்கட்டும்: ஈரமான கூரையை மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். காய்ந்த பிறகுதான் மடிக்க வேண்டும்.

பிரித்துச் சேர்த்த பையன்

கோவைக்குப் பக்கத்தில் கலங்கல் என்று ஒரு கிராமம். அங்கே 1893-இல் பிறந்த ஒரு பையன், வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வருவதைப் பார்த்து அசந்துபோனான். அதை வாங்கியே தீருவது என்று கோவைக்குப் போய் ஓட்டலில் வேலை பார்த்துப் பணம் சேர்த்தான். 300 ரூபாய் கொடுத்து அந்த வண்டியையே வாங்கினான். வாங்கியதும் ஊர் சுற்றக் கிளம்பவில்லை. பாகம் பாகமாகப் பிரித்தான். பிறகு மறுபடி சேர்த்தான்! எந்தப் பாகம் எதற்கு என்பதை அவனுக்குக் கற்றுக்கொடுத்தது அந்த வண்டிதான்.

அந்தப் பையன்தான் ஜி.டி.நாயுடு. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டார். பின்னாளில் எத்தனையோ கருவிகளை உருவாக்கினார். கோவை அவிநாசி சாலையில் அவர் பெயரைச் சொல்லும் ஜீ டி கார் அருங்காட்சியகம் 2015-இல் திறக்கப்பட்டது. பல நாட்டுப் பழைய கார்களை அங்கே பார்க்கலாம். சென்னையில் 2023-இல் திறக்கப்பட்ட ஏவி.எம். பாரம்பரிய அருங்காட்சியகத்திலும் பழைய கார்கள் இருக்கின்றன.

எவ்வளவு மாற்றலாம்?

சித்தப்பா ஒருநாள், "புது கார் இன்ஜினையே மாட்டிவிடலாம். ஏசியும் வைக்கலாம்" என்பார். அப்போது யோசிக்க வேண்டும். எல்லாவற்றையும் மாற்றிவிட்டால், மிஞ்சுவது பழைய கார்தானா?

அரசும் இதைக் கவனித்திருக்கிறது. 2021-இல் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 ஆண்டுக்கு மேல் ஆன கார், பைக்குகளைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்யலாம். நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். ஆனால் சட்டம், உடல், இன்ஜின் ஆகியவற்றைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. தினமும் கடைக்கும் பள்ளிக்கும் ஓட்டவும் கூடாது. கண்காட்சி, பழைய கார் ஊர்வலம் போன்றவற்றுக்குத்தான் அனுமதி. எனவே தாத்தாவின் பெட்டியில் உள்ள பழைய ஆர்.சி. புத்தகம், ரசீதுகளை எல்லாம் பத்திரமாக எடுத்து வையுங்கள். அவையும் காரின் பாகங்கள்தான்!

உங்களிடம் கார் இல்லையா?

கவலை வேண்டாம். மாடியில் கிடக்கும் பழைய சைக்கிள் போதும். செயின், பெடல், பிரேக் கட்டை என்று ஒவ்வொன்றாகப் படம் எடுத்து, எழுதி, அப்பா அல்லது அண்ணன் துணையோடு கழற்றித் துடைத்து, எண்ணெய் போட்டு மறுபடி மாட்டுங்கள். பெட்ரோல், பேட்டரி, ஜாக்கி பக்கம் மட்டும் பெரியவர் இல்லாமல் போகவே கூடாது.

எல்லாம் மாட்டி முடித்த பிறகு டப்பாவில் ஒரு நட்டு மிஞ்சினால்? பதறாதீர்கள். நோட்டைத் திறந்து பாருங்கள், அது எந்த இடத்து நட்டு என்று அதில் இருக்கும். எழுதி வைத்திருந்தால்தான்!

என்ன, நோட்டும் பேனாவும் தயாரா?