ஒரே கிதார், இரண்டு குரல்

விழுப்புரத்துக்கு அப்பால் மண்டகப்பட்டில், 7-ஆம் நூற்றாண்டில், செங்கல், மரம், உலோகம், சுண்ணம் எதுவுமின்றி மகேந்திரவர்மன் குடைவித்த ஆலயத்தை நாம் அறிவோம். சாதனம் மாறினால் கலையின் வடிவும் மாறும் என்பதற்கு அதுவே சான்று.

மின்சாரக் கிதாரின் ஒலிபெருக்கி விஷயமும் இவ்வாறே. வால்வுப் பெருக்கியைச் சக்திக்கு மேல் முடுக்கினால் ஒலியலையின் சிகரங்கள் மெல்ல மழுங்கும்; நாதம் கனிந்து கரகரக்கும். சாதாரண டிரான்ஸிஸ்டர்ப் பெருக்கியிலோ அவை சட்டென்று வெட்டுண்டு, ஓசை காதைக் குத்தும். எனினும் தெளிந்த நாதத்தை விரும்புவோர், 1975-ல் வெளிவந்த ரோலண்டு ஜாஸ் கோரஸ் என்னும் டிரான்ஸிஸ்டர்ப் பெருக்கியையே போற்றினர்.

ஆகவே, குழந்தைகளுக்குப் பெருக்கி வாங்கச் செல்லும் பெற்றோர்க்கு நாம் கூறுவது இது: ஒரே கிதாரை, ஒரே உரப்பில், இரண்டிலும் வாசிக்கச் செய்து கேளுங்கள். சற்றே உரக்க ஒலிப்பதைச் சிறந்ததென மயங்குவது நம் செவியின் சுபாவம். பணம் கொடுத்த பின் தெளிந்து பயனென்ன?