மாட்டிக்கொள்ளாத கிருமி

ஒடுகத்தூர் ஆட்டுச் சந்தையில் ஓர் ஆட்டின் காதைப் புரட்டிப் பாருங்கள். உண்ணி கொழுகொழுவென்று ஒட்டிக்கொண்டிருக்கும். நான் சொல்லப்போவது அந்த உண்ணியை அல்ல. ஜவ்வாது மலையடிவாரம் போன்ற புதர்க்காடுகளில், புல் நுனியில் காத்திருக்கும் ஒரு சிற்றுண்ணியின் குஞ்சை. கால் மில்லிமீட்டர்தான் இருக்கும். அது கடித்ததே பலருக்குத் தெரியாது. ஆனால் அதன் எச்சிலோடு ஒரு பாக்டீரியா தோலுக்குள் இறங்கிவிடலாம். பெயர் ஓரியன்சியா சுட்சுகாமுஷி. வாயில் நுழையாத பெயர்தான், உடம்பில் சுலபமாக நுழைந்துவிடும்! அது தரும் காய்ச்சலுக்கு ஸ்கிரப் டைபஸ் என்று பெயர். மழைக்காலத்திலும் அடுத்து வரும் பனிக்காலத்திலும் வேலூர்ப் பக்கம் இது அதிகம்.

கிருமிகளை முதலில் எதிர்கொள்ளும் நம் வெள்ளையணுக்கள் ஒவ்வொரு கிருமியையும் தனித்தனியாகத் தெரிந்து வைத்திருப்பதில்லை. நம் உடம்பு தயாரிக்கவே தயாரிக்காத, பாக்டீரியாவிடம் மட்டும் உள்ள சில பொருள்களைத்தான் தேடுகின்றன. சால்மோனெல்லா என்ற பாக்டீரியாவின் மேற்புறத்தில் லிப்போபாலிசாக்கரைடு என்று ஒன்று உண்டு. வெள்ளையணுவின் மேலுள்ள டி.எல்.ஆர்.4 என்ற புரதம் அதில் துளியை உணர்ந்தாலே போதும், உடம்பு கொந்தளித்துவிடும். இதைக் கண்டறிந்த புரூஸ் பாய்ட்லர் 2011-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஓரியன்சியாவிடம் அந்தப் பொருள் அறவே இல்லை. அதைச் செய்யும் ஜீன்களே கிடையாது. பாக்டீரியாக்களின் சுவருக்கு உறுதி தரும் பெப்டிடோகிளைக்கானும் பேருக்குத்தான். நம் செல் இந்தக் கிருமியை விழுங்கினால், விழுங்கிய பையைக் கிழித்துக்கொண்டு உள்ளேயே பெருகும். வெளியேறும்போது செய்வதுதான் படு கில்லாடித்தனம்: அந்தச் செல்லின் சவ்விலேயே கொஞ்சத்தைப் போர்த்திக்கொண்டு கிளம்பும்.

கிருமிகளைச் சுவர் கட்டவிடாமல் கொல்லும் பென்சிலினும் இதனிடம் பலிக்காது. புரதம் தயாரிப்பதைத் தடுக்கும் டாக்சிசைக்ளின்தான் வேண்டும். நோய் முற்றியவர்களுக்கு அதோடு அசித்ரோமைசினையும் சேர்த்து ரத்தக்குழாய் வழியே ஏற்றினால் பலன் கூடுதல் என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் நடத்திய ஆய்வு 2023-இல் வெளியானது.

கடைசிவரை ஒளிந்திருக்க முடியுமா? முடியாது. செல்லுக்குள்ளேயும் காவல் உண்டு. கடித்துச் சுமார் பத்து நாளில் காய்ச்சலும் தலைவலியும் வந்துவிடும். உடனே மருத்துவர் அக்குளையும் இடுப்பு மடிப்பையும் துழாவிப் பார்ப்பார். கடித்த இடத்தில் ஊதுபத்தி சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கலாம். எல்லோருக்கும் வராது, வந்தாலும் வலிக்காது. அதனால், புதர்ப்பக்கம் விளையாடிவிட்டு வந்தபின் காய்ச்சல் கண்டால், எங்கே விளையாடினோம் என்பதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.