இருபது பிள்ளைகளின் சதவீதம்

அமெரிக்காவின் சார்ட்டர் பள்ளிகளில் பணம் அரசுடையது, நிர்வாகம் தனிக் குழுவினுடையது. கட்டணம் இல்லை. இடத்தைவிட விண்ணப்பங்கள் அதிகமானால் குலுக்கல் போட்டுச் சேர்ப்பார்கள். இதற்கான முதல் சட்டத்தை 1991இல் மினசோட்டா மாநிலம் இயற்றியது. மறு ஆண்டே செயின்ட் பால் நகரில் முதல் பள்ளி திறந்தது. சுதந்திரமாக நடத்துங்கள், ஆனால் பிள்ளைகள் தேறவில்லை என்றால் அனுமதி ரத்தாகும் என்பதுதான் பேச்சு. அதனால் ஆண்டுதோறும் வெளிவரும் தேர்ச்சி விகிதம் இந்தப் பள்ளிகளுக்கு வாழ்வா சாவா பிரச்சினை. அந்த எண்ணை, அதிலும் சின்னப் பள்ளியின் எண்ணை, அங்கே எத்தனை பேர், எப்படிப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று பார்க்காமல் படிப்பது வீண் என்பதே என் கட்சி.

முதலில் எண்ணிக்கையை எடுத்துக்கொள்வோம். மூன்றாம் வகுப்பில் இருபது பேர் கணிதத் தேர்வு எழுதினால் ஒரு பிள்ளையின் மதிப்பு ஐந்து சதவீதம். போன ஆண்டு பன்னிரண்டு பேர் தேறியிருந்தால் 60 சதவீதம். இந்த ஆண்டு அந்த இருபது பேரில் கெட்டிக்காரப் பிள்ளைகள் மூவர் கூடுதலாக இருந்தால் 75. தலைமை ஆசிரியருக்குப் பாராட்டு குவியும். அடுத்த ஆண்டு இருவருக்குக் காய்ச்சல், ஒருவர் வீடு மாறிப் போனார் என்றால் பழையபடி சரிவு. பாடம் நடத்தும் முறை மட்டும் மூன்று ஆண்டும் ஒன்றாகவே இருந்திருக்கும். புள்ளியியலாளர் ஹோவர்ட் வெய்னர் 2007இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதைத் தெளிவாகக் காட்டினார். தரவரிசையின் உச்சியில் சின்னப் பள்ளிகள் அளவுக்கு மீறி இருப்பதைப் பார்த்துப் பலர் சிறிய பள்ளியே சிறந்தது என்று முடிவு கட்டினார்கள். அதே சின்னப் பள்ளிகள் அடிமட்டத்திலும் அளவுக்கு மீறி இருந்ததை அவர்கள் பார்க்கவில்லை. கேட்ஸ் அறக்கட்டளை உள்பட எத்தனையோ பேர் சிறிய பள்ளிகளுக்குப் பணத்தை வாரி இறைத்த காலம் அது.

அடுத்தது, யார் படிக்கிறார்கள் என்பது. இனம், வறுமை, உடற்குறை, ஆங்கிலம் கற்கும் நிலை என்று தனித்தனியாகத் தேர்வு முடிவுகளை வெளியிட வேண்டும் என்று 2002இல் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டம் கட்டாயப்படுத்தியது. நல்ல சட்டம்தான். ஆனால் ஒரு பிரிவில் சிலரே இருந்தால், இன்னார் தோற்றார் என்று அடையாளம் தெரிந்துவிடக்கூடாது என்பதற்காக எண்ணுக்குப் பதில் ஒரு நட்சத்திரக் குறி போட்டுவிடுவார்கள். சின்னப் பள்ளியின் அறிக்கையில் நமக்கு வேண்டிய கட்டங்களில் எல்லாம் நட்சத்திரம்தான் மின்னும். வறுமையின் அளவுகோலோ மதிய உணவு விண்ணப்பம். வறுமைக் கோட்டைப்போல் 1.3 மடங்குவரை வருமானம் என்றால் இலவசச் சாப்பாடு, 1.85 மடங்குவரை என்றால் சலுகை விலை. பரம ஏழையும் ஓரளவு சமாளிப்பவரும் ஒரே கட்டத்தில் அடங்கிவிடுகிறார்கள். போதாததற்கு, ஏழைகள் மிகுந்த பள்ளிகளில் விண்ணப்பமே இல்லாமல் எல்லோருக்கும் சோறு போடும் திட்டம் பரவியபின் இந்தக் கணக்கு இன்னும் குழம்பிவிட்டது. பசித்த பிள்ளைக்கு நல்லது, புள்ளிவிவரத்துக்குத்தான் நஷ்டம்.

‘ஏழைப் பிள்ளைகள், அதனால்தான் மதிப்பெண் குறைவு என்று சாக்குச் சொல்லவே இது உதவும்’ என்பார்கள் சிலர். நியாயமான கோபம்தான். சாக்குச் சொல்லும் பள்ளிகளும் இருக்கின்றன. ஆனால் அந்தச் சாக்கை உடைத்த ஆய்வே மாணவர் பின்னணியைச் சமன்செய்து பார்த்ததால்தான் சாத்தியமானது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் குலுக்கலில் இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் பொருளாதார ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். இரு தரப்புப் பெற்றோரும் விண்ணப்பித்தவர்கள்தான் என்பதால், அக்கறையுள்ள பெற்றோர் என்ற வேறுபாடு அங்கே அடிபட்டுப் போகிறது. பாஸ்டன் போன்ற நகரங்களில், பெரும்பாலும் ஏழைக் கறுப்பின, லத்தீனோ பிள்ளைகள் படித்த சார்ட்டர் பள்ளிகள் கணிதத்தில் பெரிய முன்னேற்றம் காட்டின. நகரத்துக்கு வெளியே, வசதியானவர்கள் மிகுந்த சார்ட்டர் பள்ளிகளிலோ மதிப்பெண் உயர்வாக இருந்தது, ஆனால் பள்ளியால் விளைந்த பலன் தெரியவில்லை. சில இடங்களில் இழப்புகூட. தேர்ச்சி விகிதத்தை மட்டும் பார்ப்பவர் எந்தப் பள்ளியைப் புகழ்ந்திருப்பார்?

குலுக்கல் ஆய்வுக்கும் ஓர் எல்லை உண்டு. கூட்டம் மொய்க்கும் பள்ளியில்தான் குலுக்கல் நடக்கும். காற்று வாங்கும் பள்ளியைப் பற்றி அது எதுவும் சொல்லாது. குலுக்கலுக்கு முன்பே சிலர் விலகி நிற்பதும் உண்டு. 2009-10 கல்வியாண்டில் சார்ட்டர் பள்ளி மாணவர்களில் 8 சதவீதம் பேரே உடற்குறை, கற்றல் குறை உள்ளவர்கள் என்றும், வழக்கமான அரசுப் பள்ளிகளில் 11 சதவீதம் என்றும் நாடாளுமன்றத்துக்கான தணிக்கை அலுவலகம் கண்டது. சார்ட்டர் பள்ளிகளின் நாடு தழுவிய சராசரியும் அப்படியொன்றும் மலைக்க வைப்பதில்லை. ஸ்டான்ஃபோர்டின் கிரெடோ மையம் 2009இல் கணக்கிட்டபோது 17 சதவீத சார்ட்டர் பள்ளிகளே கணிதத்தில் வழக்கமான அரசுப் பள்ளிகளைவிட மேலாகவும் 37 சதவீதம் கீழாகவும் இருந்தன; 2023 அறிக்கையில் வாசிப்பில் 16 நாள், கணிதத்தில் 6 நாள் பாடத்துக்குச் சமமான கூடுதல் பலன் என்று நிலைமை தேறியிருந்தது.

அமெரிக்காவில் வீடு தேடும்போதே பள்ளியின் மதிப்பீட்டு எண்ணைத் தேடும் தமிழ்ப் பெற்றோர் ஏராளம். சின்ன சார்ட்டர் பள்ளி ஒன்று உங்கள் பட்டியலில் இருந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள்: தேர்வு எழுதியவர்கள் எத்தனை பேர்? ஓராண்டு மட்டுமல்ல, மூன்றாண்டு முடிவுகளும் எப்படி? ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எட்டாம் வகுப்புவரை தங்கியவர்கள் எத்தனை பேர்? பின்தங்கியவர்கள் விலகிப்போனாலே சதவீதம் உயர்ந்துவிடும்; அதனால் மூன்றாவதற்குப் பதில் சொல்லத் தயங்கும் பள்ளி என்றால், விளம்பரத் தட்டியில் என்ன சதவீதம் போட்டிருந்தாலும் அவசரப்படாதீர்கள்.