ஒரு புள்ளியில் ஊசலாடிய பட்டம்

1983-ல் இங்கிலாந்தைக் கலக்கிய இரு வாலிபர்கள்

கார் பந்தய உலகில் "பார்முலா ஒன்" என்பது உச்சிப்படி. எடுத்த எடுப்பில் யாரும் அங்கே போய் நின்றுவிட முடியாது. கீழ்ப்படிகளில் கால் வைத்துத்தான் ஏற வேண்டும். அந்தப் படிகளில் ஒன்று "பார்முலா மூன்று".

இந்தக் கார்களுக்குக் கூரை இல்லை. சக்கரங்களை மூடும் தகடும் இல்லை. ஒருவர்தான் உட்காரலாம். அப்போது எஞ்சின் 2 லிட்டருக்கு மேல் போகக் கூடாது என்று விதி இருந்தது. அதற்குள் காற்று செல்லும் வழியையும் குறுக்கிவிட்டார்கள். ஆகவே எல்லாக் கார்களுக்கும் ஏறக்குறைய ஒரே பலம்தான் இருந்தது. ஓட்டுகிறவரின் திறமை பளிச்சென்று தெரிந்துவிடும்.

1983-ல் இங்கிலாந்தில் நடந்த பார்முலா மூன்று பந்தயங்கள் மொத்தம் 20. மார்ச் மாதம் தொடங்கி அக்டோபரில் முடிந்தன. முதலில் வந்தால் 9 புள்ளி, இரண்டாவதுக்கு 6, மூன்றாவதுக்கு 4. மிக வேகமாக ஒரு சுற்றை முடித்தவருக்கு மேலும் 1 புள்ளி. இந்த ஒற்றைப் புள்ளிகளை மறந்துவிடாதீர்கள்!

யார் அந்த இருவர்?

ஒருவர் அயர்ட்டன் சென்னா. பிரேசில் நாட்டுச் செல்வர் வீட்டுப் பிள்ளை. வயது 23. டிக் பென்னட்ஸ் என்பவரின் அணிக்காக ஓட்டினார்.

மற்றவர் மார்ட்டின் பிரண்டில். இங்கிலாந்தின் நார்போக் பகுதியைச் சேர்ந்தவர். தந்தை கார் வியாபாரி. சென்னாவைவிடச் சில மாதமே மூத்தவர். எடி ஜோர்டானின் அணியில் இருந்தார்.

இருவருக்கும் ஒரே வகைக் கார்: ரால்ட். ஒரே வகை எஞ்சின்: டொயோட்டா.

தொடர்ந்து ஒன்பது!

முதல் பந்தயத்தில் சென்னா வென்றார். இரண்டாவதிலும் அவரே. மூன்றாவதிலும் அவரே. இப்படித் தொடர்ந்து ஒன்பது வெற்றி! சில்வர்ஸ்டோன் மைதானத்தையே பத்திரிகைக்காரர்கள் "சில்வாஸ்டோன்" என்று எழுதினார்கள். "டா சில்வா" என்பது அவருடைய குடும்பப் பெயர்.

பட்டம் அவருக்குத்தான் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. பிரண்டில் மட்டும் முடிவு கட்டவில்லை. தோற்ற பந்தயங்களிலும் இரண்டாவது, மூன்றாவது என்று வந்து புள்ளிகளைச் சேர்த்துக்கொண்டே இருந்தார்.

சறுக்கல்

ஜூன் மாதம் அதே சில்வர்ஸ்டோனில் சென்னாவின் வெற்றித் தொடர் அறுந்தது. பிரண்டில் முதலில் வந்தார்.

அடுத்தது காட்வெல் பார்க். பயிற்சி ஓட்டத்தில் சென்னாதான் முன்னணியில் இருந்தார். அது போதாது என்று இன்னும் வேகமாக ஓட்டப் பார்த்தார். கார் மோதி நொறுங்கியது. பந்தயத்தில் கலந்துகொள்ளவே முடியவில்லை.

ஸ்நெட்டர்டனில் பிரண்டிலை முந்தப் போய்ப் பாதையை விட்டு விலகினார். ஓல்ட்டன் பார்க்கில் நடந்தது அதைவிட மோசம். சென்னாவின் கார் பிரண்டிலின் கார் மீதே ஏறி நின்றது! நல்லவேளையாக இருவரும் உயிர் தப்பினார்கள்.

இரண்டாவதாக வந்தாலும் 6 புள்ளி கிடைக்கும். அது சென்னாவுக்குத் தெரியாததல்ல. ஆனால் இரண்டாம் இடம் என்பதை அவர் மனம் ஏற்கவில்லை. அந்தப் பிடிவாதம்தான் அவருக்கு ஒன்பது வெற்றியைத் தந்தது. அதே பிடிவாதம்தான் கைக்கு எட்டிய புள்ளிகளையும் பறித்தது.

கடைசிப் பந்தயம் வந்தபோது பிரண்டில் 1 புள்ளி முன்னே இருந்தார்!

திரக்ஸ்டனில் என்ன நடந்தது?

அக்டோபர் 23. எஞ்சின் எண்ணெய் குளிர்ந்திருந்தால் முழு பலம் வராது. அது சீக்கிரம் சூடேற வேண்டும் என்று, எண்ணெயைக் குளிரவைக்கும் ரேடியேட்டரின் காற்றுவழியை டேப் ஒட்டி அடைத்திருந்தார்கள். ஆரம்பத்திலேயே முன்னேறிவிட இது ஒரு யுக்தி. ஆனால் டேப்பை அப்படியே விட்டால் எண்ணெய் கொதித்து எஞ்சின் பாழாகிவிடும். ஓடுகிற காரிலிருந்தே அதைக் கிழித்தெறிய வேண்டும்.

சென்னா முதலிடத்தில் பறந்துகொண்டிருந்தார். கையை நீட்டினார், டேப் எட்டவில்லை. உயிரைக் காக்கும் இடுப்பு வாரைத் தளர்த்தினார். எட்டிப் பிடித்துக் கிழித்தார். தொடர்ந்து ஓட்டினார்!

கடைசிவரை யாரும் அவரை நெருங்கவில்லை. பிரண்டில் மூன்றாவதாகவே வந்தார். முடிவில் சென்னா 132, பிரண்டில் 123. ஆண்டு முழுதும் சென்னா பெற்ற வெற்றிகள் பன்னிரண்டு.

பிறகு?

1984-ல் இருவரும் பார்முலா ஒன்னில் நுழைந்தார்கள். சென்னா 1988, 1990, 1991 ஆகிய மூன்று ஆண்டுகளில் உலக சாம்பியன் ஆனார். 1994 மே 1-ந் தேதி இத்தாலியில் இமோலா பந்தயத்தில் விபத்துக்குள்ளாகி மாண்டார். அப்போது அவருக்கு வயது 34.

பிரண்டில் பார்முலா ஒன்னில் ஒரு பந்தயம்கூட வெல்லவில்லை. ஆனால் வேறு துறையில் ஒளி வீசினார். 1988-ல் ஸ்போர்ட்ஸ் கார் உலக சாம்பியன். 1990-ல் பிரான்சில் நடந்த லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் வெற்றி பெற்ற ஜாகுவார் அணியில் அவரும் ஒருவர். பின்னர் தொலைக்காட்சி வர்ணனையாளராகவும் புகழ் பெற்றார்.

ஒன்பது முறை தோற்றும் ஓயாதவர் ஒருவர். அவர் விடாமல் துரத்தியதால்தான் மற்றவரின் பட்டத்துக்கே பெருமை வந்தது!