காற்று நின்ற இரவில் மீனுக்கு மூச்சு

நாடு உறங்கும் வேளையில் பேலியகொடை மத்திய மீன் சந்தை விழித்திருக்கும். 2011 ஆம் ஆண்டில் கொழும்பு புறக்கோட்டையிலிருந்து இங்கு மாற்றப்பட்ட இச்சந்தையில், விடியுமுன்னரே லொறிகளிலிருந்து பெட்டிகள் இறங்கி, விலை பேசப்பட்டு, கைமாறி விடுகின்றன. இச்சந்தையைத் தாண்டிச் சென்று, கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் தங்கியிருக்கும் இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்களைச் சந்திக்கும்போது, ஒரு கேள்வி அடிக்கடி எம்மை நோக்கி வருகின்றது. "சுவாமி, ஊரிலை காணி கிடக்கு. அதிலை ஒரு குட்டை வெட்டி மீன் வளர்க்கலாமோ?"

வளர்க்கலாம். ஆனால் மின்கம்பி எட்டாத காணியில் குட்டை வெட்டுபவர்கள் ஓர் ஆபத்தை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். பேலியகொடையில் மீன் விலைபோகும் அதே அதிகாலை நேரத்தில்தான், குட்டையில் மீன் மூச்சுக்குத் திணறுகின்றது. ஒரு வருட உழைப்பு ஒரே இரவில் செத்து மிதக்கக்கூடும். காற்றாலை இதற்கு உதவுமா, எந்த அளவுக்கு உதவும் என்பதை இக்கட்டுரையில் விளக்க விரும்புகின்றோம்.

மீன் ஏன் அதிகாலையில் திணறுகின்றது?

மீனும் எம்மைப் போலவே ஒட்சிசனைச் சுவாசிக்கின்றது. அது நீரில் கரைந்திருக்கும் ஒட்சிசன். 30 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நன்னீர், காற்றிலிருந்து ஏற்றுக்கொள்ளக்கூடிய ஒட்சிசன் லீற்றருக்கு சுமார் 7.5 மில்லிகிராம் மட்டுமே. நீர் சூடாகச் சூடாக இந்த அளவு இன்னும் குறையும்.

பகலில் நீரிலுள்ள பச்சைப் பாசி வெயிலைக் கொண்டு ஒட்சிசனை உண்டாக்குகின்றது. இரவில் அதே பாசி ஒட்சிசனைச் செலவழிக்கின்றது. மீனும் செலவழிக்கின்றது, அடியிலுள்ள சேறும் செலவழிக்கின்றது. உண்மையில் மீனைவிடப் பாசியும் சேறும் உறிஞ்சுவதே பெரும்பாலான குட்டைகளில் அதிகம். பொழுது விடிந்து பாசி மீண்டும் வேலை தொடங்கும் வரை வரவு இல்லை, செலவு மட்டுமே. ஆகவே விடியற்காலை 3 மணியிலிருந்து 6 மணி வரை குட்டையின் இருப்பு மிகக் குறைவாக இருக்கும். லீற்றருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் மீன் நன்றாக வளரும். 2 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் கெண்டை இன மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். திலாப்பியா சற்றுக் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும்.

இன்னோர் ஆபத்தும் உண்டு. காற்றில்லாத வெயில் நாட்களில் மேல் நீர் சூடாகி, குளிர்ந்த அடி நீரின் மேல் ஒரு போர்வை போலப் படிந்து விடுகின்றது. அடி நீரில் ஒட்சிசன் தீர்ந்து போகின்றது. ஐப்பசியின் முதல் இடிமழை குளிர்ந்த நீரைக் கொட்டும்போது, இரண்டும் திடீரெனக் கலந்து முழுக் குட்டையும் கெட்டுவிடும். "மழைக்கு மீன் செத்தது" என்று எம்மவர்கள் சொல்வதில் இதுவும் ஒரு காரணமாகும்.

எமது தவறு

வன்னியில் மீளக்குடியேறிய ஒரு குடும்பத்தின் குட்டையில், எண்ணெய்ப் பரலை நெடுக்காகப் பிளந்து செய்த சுழலி ஒன்றை நிறுத்தினோம். பின்லாந்தைச் சேர்ந்த சிகுர்ட் சவோனியஸ் என்ற பொறியியலாளர் 1920களில் உருவாக்கிய முறை இது. எந்தத் திசையிலிருந்து காற்று வந்தாலும் சுற்றும். அதன் தண்டின் கீழ் முனையில் பொருத்திய பலகைகள் நீரைக் கலக்கிக்கொண்டிருந்தன. சோளகக் காற்றுக் காலம் முழுவதும் அது நன்றாக வேலை செய்தது. நாமும் மகிழ்ந்தோம். ஐப்பசியில் தொடர்ந்து மூன்று இரவுகள் இலை அசையவில்லை. நான்காம் நாள் காலையில் கெண்டை மீன்கள் வயிறு மேலாகக் கரை ஒதுங்கியிருந்தன.

அவ்வீட்டு அம்மா எம்மைக் குறை கூறவில்லை. "காத்து அடிச்ச நாளிலை மீனுக்கு ஒண்டும் நடக்கேல்லை, சுவாமி. காத்து நிண்ட அண்டைக்குத்தானே செத்தது" என்று மட்டும் சொன்னார்.

அவர் கூறியதே இக்காரியத்தின் அடிப்படை. காற்று வீசும் நாளில் அலையெழுந்து குட்டை தானாகவே ஓரளவு மூச்சு வாங்கிக்கொள்ளும். காற்றாலை நின்றுபோகும் நாளில்தான் மீனுக்கு உதவி தேவை. எனவே காற்றின் பலத்தை அது வீசும்போதே பிடித்துச் சேமித்து, வீசாத வேளையில் கொடுக்க வேண்டும். நெல்லைக் கொம்பறையில் சேமிப்பது போன்றதே இதுவும்.

எமது நாட்டில் காற்று

இலங்கையில் காற்றின் பயன்பாடு புதியதல்ல. சமனலவெவைப் பகுதியின் மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில், தென்மேற்குப் பருவக்காற்றினால் எரிந்த பழங்கால இரும்பு உலைகளைத் தொல்லியல் ஆய்வாளர் ஜில் ஜூலெவ் கண்டறிந்து 1996 இல் வெளியிட்டார். அவை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. 1970களின் பிற்பகுதியில் நீர்வளச் சபையின் காற்றுச் சக்திப் பிரிவு, நெதர்லாந்தின் உதவியுடன், உலர் வலயத் தோட்டங்களுக்கு நீர் இறைக்க 3 மீற்றர் விட்டமுள்ள காற்றாலை ஒன்றை வடிவமைத்தது. பின்னர் மண்ணெண்ணெய் நீர்ப்பம்பிகள் பெருகியபோது அம்முயற்சி தளர்ந்தது. ஆனால் 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியபோது, எரிபொருளை மட்டும் நம்பியிருந்த குடும்பங்கள் என்ன பாடுபட்டன என்பதை நாம் அறிவோம். 2020 டிசெம்பரில் மன்னாரில் திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலைப் பண்ணையில் 30 பெருஞ் சுழலிகள் 103.5 மெகாவாற்று மின்சாரத்துக்காக நிறுத்தப்பட்டுள்ளன. குட்டைக்கு வேண்டியது அத்தகைய இராட்சதச் சுழலியல்ல. பல இதழ்களுடன் மெதுவாகச் சுற்றி நீர் இறைக்கும் சிறிய காற்றாலையே போதுமானது.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று வீசும். வடக்கில் இதைச் சோளகம் என்றும் கிழக்கில் கச்சான் என்றும் சொல்வோம். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வாடைக் காற்று. இடைப்பட்ட பங்குனி, சித்திரை, ஐப்பசி மாதங்களில் காற்று ஓய்ந்திருக்கும். காற்றுக் காலத்திலும் இரவில் நிலம் குளிர்ந்ததும் தாழ்வான இடங்களில் காற்று அடங்கிவிடுவது வழக்கம்.

இன்னொரு கணக்கையும் மனத்தில் வைக்க வேண்டும். காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் பலம் எட்டு மடங்காகும். வேகம் பாதியானால் பலம் எட்டில் ஒன்றாகக் குறையும். மெல்லிய காற்றை நம்பி மீன் வளர்க்க முடியாததற்கு இதுவே காரணம்.

காற்றை நீராகச் சேமித்தல்

பற்றறியில் சேமிக்கலாம். ஆனால் பற்றறி சில ஆண்டுகளில் தேய்ந்துவிடும். மாற்றப் பணம் வேண்டும். சூரியத் தகடுகளின் விலை இப்போது குறைந்திருப்பது உண்மையே. ஆனால் அவையும் பகலில்தான் வேலை செய்யும். இரவுக்குச் சேமிக்கும் பிரச்சினை அங்கும் உண்டு. ஏழைக் குடும்பத்துக்கு ஏற்ற சேமிப்பு, உயரத்தில் நிறுத்திய நீர்.

குட்டையின் கரையோரமாக மண் உயர்த்தி, களிமண் பூசி அல்லது தடித்த பொலித்தீன் விரித்து, 5 மீற்றர் நீளமும் 3 மீற்றர் அகலமும் 1 மீற்றர் ஆழமும் கொண்ட ஒரு மேல்தொட்டி அமைக்கவும். இதில் 15,000 லீற்றர் நீர் நிற்கும். அதன் அடி, குட்டை நீரைவிட ஒன்றரை மீற்றர் உயரத்தில் இருக்க வேண்டும். 15 தொன் பாரத்தைத் தாங்குமாறு மண்ணை நன்றாக இடித்து இறுக்குவது அவசியம்.

காற்று செக்கனுக்கு 5 மீற்றர் வேகத்தில் வீசும்போது, 3 மீற்றர் விட்டமுள்ள காற்றாலை சுமார் 50 வாற்று அளவுக்கு நீர் இறைக்கும் வேலையைச் செய்யும். இது 3 மீற்றர் உயரத்துக்கு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 6,000 லீற்றர் ஏற்றப் போதும். ஆகவே இரண்டரை மணித்தியால நல்ல காற்றில் மேல்தொட்டி நிரம்பிவிடும்.

நிரம்பிய பின்னரும் காற்றாலையை நிறுத்த வேண்டியதில்லை. வழியும் நீர் படிகளில் விழுந்து குட்டைக்குத் திரும்பட்டும். உறிஞ்சும் குழாயின் வாயைக் குட்டையின் எதிர் மூலையில், சேற்றுக்கு ஒரு சாண் மேலே வைத்தால், கெட்ட அடி நீர் தினமும் மேலே வந்து கலக்கும். முன்னர் கூறிய போர்வை படியாது. ஐப்பசி மழையின் ஆபத்தும் குறையும்.

விடியற்காலை 3 மணிக்கு மேல்தொட்டியின் வால்வைத் திறக்கவும். 2 அங்குலக் குழாய் போதும். நீர் ஓர் அடி உயரமான ஐந்து கல்லுப் படிகளில் சிதறி விழவேண்டும். விழும் நீர் எவ்வளவு மெல்லியதாகச் சிதறுகின்றதோ, அவ்வளவுக்குக் காற்றை ஏற்கும். 6 மணி வரை நீடிக்குமாறு வால்வை அளவாகத் திறந்து விடுங்கள்.

எவ்வளவு பயன் கிடைக்கும்?

நேர்மையாகக் கணக்கிடுவோம். படிகளில் விழும் ஒவ்வோர் ஆயிரம் லீற்றர் நீரும் சுமார் 4 கிராம் ஒட்சிசனை ஏற்கும் எனக் கொண்டால், 15,000 லீற்றருக்கு 60 கிராம் கிடைக்கும். ஒரு கிலோ மீன் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ கால் கிராம் ஒட்சிசனைச் சுவாசிக்கும். 75 கிலோ மீனுக்கு மூன்று மணித்தியாலத்துக்கு 56 கிராம் தேவை. கணக்கு ஒருவாறு சரிவரும்.

ஆனால் முழுக் குட்டையையும் இதனால் திருத்த முடியாது. பாசியும் சேறும் தமது பங்கைக் கேட்கும். படியின் அடியிலுள்ள மூலை மட்டுமே நல்ல நீராக இருக்கும். அது போதும். திணறும் மீன் தானாகவே அந்த மூலையைத் தேடி வந்துவிடும். விடியும்வரை அங்கே தங்கியிருந்து பிழைத்துக்கொள்ளும்.

20 மீற்றர் நீளமும் 15 மீற்றர் அகலமும் உள்ள குட்டையில் 300 மீன்கள், ஒவ்வொன்றும் 250 கிராம் எனில், மொத்தம் 75 கிலோ. மேலே கூறிய ஏற்பாடு இந்த அளவுக்கே பொருந்தும். சிலாபம், புத்தளம் இறால் பண்ணைகளில் மின்சாரத் துடுப்புச் சக்கரங்களைப் பார்த்துவிட்டு, அங்குபோல நெருக்கமாக இருப்பிட வேண்டாம்.

செய்ய வேண்டிய ஒழுங்கு

1. முதலில் கமநல சேவை நிலையத்திலும், நக்டா என்று நாம் அழைக்கும் தேசிய நீருயிரின வளர்ப்பு அதிகாரசபையின் அலுவலரிடமும் காணி, நீர், மீன்குஞ்சு பற்றி விசாரியுங்கள்.

2. மேல்தொட்டியையும் படிகளையும் முதலில் அமையுங்கள். காற்றாலை பிறகு வரட்டும். கால்மிதிப் பம்பியினாலும் தொட்டியை நிரப்பலாம். இருவர் மாறி மாறி மிதித்தால் அரை நாள் வேலை.

3. காற்றாலையின் அடித்தளத்தைக் கொங்கிறீற்றில் புதைக்காமல், ஆணி கழற்றக்கூடியதாகச் செய்யுங்கள். பலமுறை எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்களுக்கு இதன் காரணத்தைச் சொல்லத் தேவையில்லை.

4. சுற்றியுள்ள மரங்களுக்கு மேலாகச் சுழலி நிற்கட்டும். நவம்பர், டிசெம்பர் சூறாவளி எச்சரிக்கை வந்தால் வாலை மடித்துக் கட்டிவிடுங்கள்.

5. கையை நீரில் விடுங்கள். முழங்கை நனையுமுன் விரல்கள் மறைந்துவிட்டால் பாசி அதிகம். சாணம் இடுவதை நிறுத்துங்கள். தீனை மாலையில் போடாமல் காலை 9 மணிக்குப் பின் போடுங்கள்.

6. காற்று ஓய்ந்த மாதங்களில் மேல்தொட்டியை நிறைத்தே வையுங்கள். மீன் மேலே வந்து வாய் பிளக்கும் இரவில் மட்டும் திறவுங்கள்.

7. புரட்டாதியிலேயே பெரிய மீன்களைப் பிடித்து விற்றுவிடுங்கள். உயிர் குறைந்தால் மூச்சும் குறைவாகவே தேவைப்படும். வேறெந்தக் கருவியையும்விட இது பயன் தரும், செலவும் இல்லை.

அந்த அம்மாவின் குட்டையில் இப்போது படிகள் இருக்கின்றன. பரல் சுழலியைக் கழற்றி, அதன் தகரத்தைத் துளையிட்டுப் படிகளின் மேல் விரித்திருக்கின்றார். நீர் இன்னும் நன்றாகச் சிதறுகின்றது. அதை நாம் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவரே கண்டது. உங்கள் குட்டையில் நீங்கள் காண்பதையும் எமக்கு எழுதுங்கள். மற்றக் குடும்பங்களுக்கு அது பயன்படும்.