குழியில் வளர்ந்த ஏற்றை: வீட்டுப் பன்றி வளர்ப்பும் வதையிலாக் கொலையும், பெரும்பாணாற்றுப்படை முதல் லிவர்மோர் வரை

ஆங்கிலச் சட்ட வழக்கில் 'ஹியூமேன் ஸ்லாட்டர்' எனப்படுவதற்குத் தமிழில் நிலைபெற்ற சொல் இல்லை. 'கருணைக் கொலை' என்பதை மருத்துவ அறவியல் தனதாக்கிக் கொண்டுவிட்டது. 'மனிதாபிமானக் கொலை' என்பது செவிக்கே முரணாக ஒலிக்கிறது. இக்கட்டுரை 'வதையிலாக் கொலை' என்னும் தொடரை ஆள்கிறது. வடமொழியில் வதம் என்பது கொலையையே குறிக்கும். தமிழ்ப் பேச்சு வழக்கிலோ வதைத்தல் என்பது உயிரோடு வைத்துத் துன்புறுத்துதலாகப் பொருள் விரிந்தது. கொல்வது வேறு, வதைப்பது வேறு என்னும் வேறுபாட்டை வழக்கு மொழியே செய்து வைத்திருக்கிறது. அவ்வேறுபாடு வீட்டில் வளர்த்து வீட்டிலேயே அறுக்கப்படும் பன்றியின் வரலாற்றில் எவ்வாறு தோன்றுகிறது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

சங்கப் பாடல்களில் வரும் பன்றி பெரும்பாலும் தினைப்புனத்தை மேயும் காட்டுக் கேழலே. வீட்டுப் பன்றியைத் தெளிவாகக் காட்டும் இடமாகக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையன்மீது பாடிய பெரும்பாணாற்றுப்படையின் ஒரு பகுதியைக் கொள்ளலாம். நீர்ப்பெயற்று என்னும் கடற்கரைப் பட்டினத்தை அடுத்து, கொடி பறக்கும் கள் விற்கும் மனையில் பாணன் பெறவிருக்கும் விருந்தை அப்புலவர் சில அடிகளில் சொல்கிறார். கள் சமைக்கும் மகளிர் கலம் கழுவி ஊற்றிய நீர் வழிந்து முற்றத்தில் சேறாகிறது. அச்சேற்றில் பெண்பன்றிகள் குட்டிகளோடு புரள்கின்றன. ஆண்பன்றி ஒன்று மட்டும் அவற்றோடு கூடவிடாமல் விலக்கப்பட்டு, குழியில் நிறுத்தப்பட்டு, பல நாள் நெல்மா ஊட்டி வளர்க்கப்படுகிறது. அதன் கொழுத்த ஊனும் புளித்த கள்ளுமே பாணனுக்குக் கிடைப்பவை.

இச்சிறு பகுதியில் ஒரு வளர்ப்பு முறை முழுமையாக அடங்கியிருக்கிறது. பன்றிக்கு வியர்த்து உடலைக் குளிர்விக்கும் ஆற்றல் மிகக் குறைவு. வெப்ப நிலத்தில் அதற்குச் சேறு உடலைக் காக்கும் இன்றியமையாத தேவை. அதை அழுக்கு என்பது மனிதர் பார்வை. மது சமைக்கும் இடத்தின் கழிவைப் பன்றிக்குத் திருப்பும் முறையும் இன்றுவரை தொடர்வதே. அமெரிக்காவின் சிறு மதுவடிப்பகங்கள் வடித்தெடுத்த தானிய எச்சத்தைப் பண்ணைகளுக்குத் தருகின்றன. நெல்மாவுக்கும் காரணம் உண்டு. பன்றி எந்தக் கொழுப்பை உண்கிறதோ அதன் தன்மை அதன் உடற்கொழுப்பில் படியும். எண்ணெய்ச்சத்து மிகுந்த தீனி இளகிய கொழுப்பைத் தரும்; மாவுச்சத்தைத் தின்ற பன்றி தன் உடலிலேயே கொழுப்பை ஆக்குவதால் அது வெண்மையாகவும் உறுதியாகவும் அமையும். இந்த வேதியியலைக் கள் மனையார் அறிந்திருக்க வேண்டியதில்லை. அறுத்துப் பார்த்துக் கற்றிருப்பார்கள்.

ஆண்பன்றியைப் பிரித்து வைத்தது ஏன் என்பது சிக்கலான வினா. தொல்காப்பிய மரபியல் பன்றியின் பெண்ணுக்குப் பிணவு என்றும் குட்டிக்குக் குருளை என்றும் பெயர் வகுத்து, ஆற்றல் பொருந்திய ஆண் எதற்கும் ஏற்றை என்னும் சொல் உரியது என்கிறது. பெரும்பாணாற்றுப்படை இப்பன்றியை ஏற்றை என்றே குறிக்கிறது. மரபியலின் காலம் பற்றிய கருத்து வேறுபாட்டை ஒதுக்கிவிட்டுச் சொல்லாட்சியை மட்டும் கொண்டால், இப்பன்றி காயடிக்கப்படாதது என்று கொள்வதே பொருந்தும். காயடிக்காத ஆண் பெண்ணோடு சேர்ந்தால் தீனியை மறந்து அலைந்து இளைக்கும். ஆகவே காயடித்தலுக்கு மாற்றாகவே பிரித்தல் இங்கு நிகழ்ந்திருக்கலாம். ஆனால் முதிர்ந்த ஆணின் ஊனில் எழும் நெடி பிரித்து வைப்பதால் மட்டும் நீங்காது. விரையில் சுரக்கும் ஆண்ட்ரோஸ்டினோன், குடலில் உண்டாகும் ஸ்கேட்டோல் ஆகிய இரண்டும் கொழுப்பில் தங்கி வேகும்போது நாறும். இளமையிலேயே அறுத்தார்களோ, பாணனுக்கு அந்நெடி பொருட்டில்லையோ, பாடல் சொல்லவில்லை.

பழந்தமிழர் வதையிலாமையை அன்றே அறிந்திருந்தனர் என்று முழங்குவதற்கும் இப்பகுதி இடம் தராது. கூட்டமாக வாழும் விலங்கைத் தனியே குழியில் நிறுத்துவது இன்றைய விலங்கு நல அளவுகோலில் குறையாகவே படும். எனினும் அக்குழி ஒரு நன்மையைச் செய்தது. அடைத்து வைத்து மா ஊட்டிய பன்றி மனிதக் கழிவைத் தின்னாது.

நாடாப்புழுவும் நகரமும்

மேற்சொன்ன நன்மையின் அளவு இருபதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் தமிழகத்தில் தெளிவாயிற்று. வலிப்பு நோயாளரின் மூளைப்படத்தில் காணப்படும் ஒற்றைச் சிறு கட்டியை இந்திய மருத்துவர்கள் நெடுங்காலம் காசநோய்க் கட்டியென்று கருதி மருந்து கொடுத்து வந்தனர். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் முதலியோர் செய்த ஆய்வுகள் அவற்றுட் பல பன்றி நாடாப்புழுவின் நீர்க்கட்டிகளே என்று காட்டின. டீனியா சோலியம் எனப்படும் இப்புழு மனிதக் குடலில் வாழ்ந்து முட்டைகளை மலத்தோடு வெளியேற்றும். திறந்த வெளியில் அம்மலத்தைத் தின்னும் பன்றியின் தசையில் கட்டிகள் உண்டாகும். அவ்வூனை நன்கு வேகவைக்காமல் உண்டவர் குடலில் மீண்டும் புழு வளரும். மூளையில் கட்டி வருவதோ ஊனால் அன்று. புழுவுடைய ஒருவரின் கைவழியோ, மாசுபட்ட நீர், காய்கறி வழியோ முட்டைகள் வயிற்றுக்குள் சென்றால் வருவது. ஆகவே பன்றிக்கறியைத் தொட்டும் பாராத மரக்கறி உணவினரும் இந்நோய்க்கு ஆளாகின்றனர். இச்சுழற்சியின் தொடக்கம் கழிப்பறை இல்லாமை. பழியோ பன்றிமீதும் அதை வளர்ப்போர்மீதும் விழுகிறது.

தமிழக நகரங்களில் காட்டுநாயக்கர், குறவர் முதலிய சில சமூகத்தார் பன்றி வளர்ப்பைத் தொழிலாகக் கொண்டுள்ளனர். நிலமும் கொட்டிலும் தீனிக்கு முதலும் இல்லாததால் பன்றிகளைத் தெருவில் விடுகின்றனர். நகராட்சியார் அவற்றைப் பிடித்துச் செல்கின்றனர். மாரி செல்வராஜின் 'மாமன்னன்' (2023) திரைப்படத்தில் பன்றியும் நாயும் எதிரெதிர்க் குறியீடுகளாக நின்றதைத் தமிழ்ப் பார்வையாளர் உடனே புரிந்துகொண்டமைக்கு இந்த அன்றாட அறிவே காரணம். மூலநோய்க்கு மருந்தென்று சொல்லிப் பன்றிக்கறியை மறைவாக வாங்கி உண்போர் எல்லாச் சாதியிலும் உண்டு என்பதையும் இங்கே குறிக்க வேண்டும். இழிவு விற்பவரோடு தங்கிவிடுகிறது. வாங்கியவரோடு வீட்டுக்குப் போவதில்லை.

கத்தி விழும் வேளையிலும் இதே நிலைதான். நான்கு கால்களையும் கட்டிக் கம்பில் கோத்துத் தலைகீழாகச் சுமந்து செல்வதும், உணர்வு இருக்கும்போதே நெஞ்சில் குத்துவதும் நம் ஊர்களில் காணப்படும் வழக்கங்கள். 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும் 2001ஆம் ஆண்டின் இறைச்சிக்கூட விதிகளும் உள்ளன. ஒரு விலங்கின் கண்முன் இன்னொன்றை அறுக்கலாகாது என்று அவ்விதிகள் கூறுகின்றன. ஆனால் பன்றிக்குரிய கூடமே இல்லாத ஊரில் கூட விதி யாரைக் காக்கும்?

இதற்கு நேர்மாறாக, பலியைத் தடுக்க மட்டும் அரசு ஒருமுறை விரைந்து செயல்பட்டது. 1950ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்கு, பறவை பலித் தடைச் சட்டம் நெடுங்காலம் ஏட்டளவில் கிடந்தது. 2003 ஆகஸ்டில் அதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த ஆணை பிறந்தது. எதிர்ப்பெழுந்து 2004 தொடக்கத்தில் அச்சட்டமே நீக்கப்பட்டது. ஆடு, பன்றி, கோழி ஆகிய மூன்றையும் படைக்கும் முப்பூசை போன்ற வழிபாடுகள் அந்த இடைப்பட்ட மாதங்களில் குற்றமாயின. கடையில் தொங்கும் ஊனுக்கு யாதொரு தடையும் இல்லை. விலங்கின் வலி அச்சட்டத்தின் பொருளாக இருந்திருந்தால், எங்கே கொல்வது என்பதைக் காட்டிலும் எப்படிக் கொல்வது என்பதையே அது கேட்டிருக்கும்.

லிவர்மோரும் அதன் அண்டையூரும்

கலிபோர்னியாவின் அலமேடா மாவட்டத்திலுள்ள லிவர்மோர், 1952இல் அமைந்த தேசிய ஆய்வகத்தாலும் திராட்சைத் தோட்டங்களாலும் அறியப்படும் ஊர். வளைகுடாப் பகுதித் தமிழர்க்கு அது சிவ விஷ்ணு கோயில் இருக்கும் ஊர். சைவ வைணவத் திருமேனிகள் ஒரே வளாகத்தில் ஆகம முறைப்படி வழிபடப்படும் அக்கோயிலில் சுடலைமாடனோ முனியோ வந்து பலி கேட்பதில்லை. அமெரிக்கச் சட்டம் இதற்குக் காரணமன்று. புளோரிடாவின் ஹயலியா நகரம் இயற்றிய பலித்தடைகளை அமெரிக்க உச்சநீதிமன்றம் 1993இல் செல்லாதனவாக்கிவிட்டது. ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்ற தமிழர் வாழும் ரீயூனியன் தீவில் ஆடும் சேவலும் இன்றும் பலியிடப்படுகின்றன. கப்பலேறியவர் எவர், விமானமேறியவர் எவர் என்பதே எந்தத் தெய்வம் உடன் வந்தது என்பதையும் தீர்மானித்தது.

அடுத்த ஊரான பிளசன்டனில் ஆண்டுதோறும் நடைபெறும் அலமேடா மாவட்டச் சந்தையில் பள்ளிப் பிள்ளைகள் தாம் வளர்த்த பன்றிகளை ஏலத்தில் விற்கின்றனர். 'ஃபோர் எச்' என்னும் இளையோர் அமைப்பின் வழியாகக் குட்டியை வாங்கி, எடை பார்த்து, கணக்கெழுதி, சில மாதங்களில் 100 கிலோவுக்கு மேல் வளர்க்கின்றனர். ஏலம் முடிந்தபின் கொட்டிலருகே அழும் பிள்ளைகளும் உண்டு. தமிழகத்தில் சாதியால் குறிக்கப்பட்ட தொழில் இங்கே பள்ளிப் பிள்ளையின் பயிற்சியாக, நற்சான்றுக்குரியதாக இருக்கிறது. பன்றி அதே பன்றிதான்.

இந்நாட்டுச் சட்டம் வீட்டுக் கொலைக்கும் இடம் வைத்திருக்கிறது. 1906ஆம் ஆண்டின் இறைச்சி ஆய்வுச் சட்டம், தான் வளர்த்த விலங்கைத் தன் குடும்பத்தாரும் பணம் தராத விருந்தினரும் தன் பணியாளரும் உண்பதற்காக அறுப்பவருக்கு ஆய்விலிருந்து விலக்கு அளிக்கிறது; அவ்வூனை விற்கலாகாது. பணம் தராத விருந்தினர் என்னும் அத்தொடரைப் படிக்கும் தமிழ் மாணவர்க்குக் கள் மனை வாயிலில் நிற்கும் பாணன் நினைவுக்கு வருவான். 1958ஆம் ஆண்டின் வதையிலாக் கொலைச் சட்டமோ, விலங்கைக் கட்டித் தூக்குமுன் ஒரே அடியாலோ வெடியாலோ மின்சாரத்தாலோ வேறு விரைந்த முறையாலோ உணர்விழக்கச் செய்ய வேண்டும் என்கிறது. ஆனால் வீட்டு முற்றத்துக்கு ஆய்வாளர் எவரும் வருவதில்லை. அங்கே எஞ்சுவது வளர்த்தவரின் கைத்திறனும் மனச்சான்றுமே.

அக்கைத்திறன் என்னவென்று விளக்கப்பட வேண்டும். அறுக்குமுன் ஏறத்தாழ 12 மணி நேரமாவது தீனியை நிறுத்த வேண்டும், தண்ணீரை நிறுத்தலாகாது. பன்றியைத் துரத்தாமல், பழகிய இடத்திலேயே, பழகிய கையால் தீனி காட்டி நிற்க வைப்பது நல்லது. மூளையை நோக்கிச் சரியான கோணத்தில் விழும் ஒரே அடி அதை உடனே உணர்விழக்கச் செய்யும். உடல் துடிப்பது அதன்பின்னும் நிகழும். அது வலியின் குறியன்று. சீரான மூச்சு நின்றதும் கண்ணைத் தொட்டால் இமையாததும்தான் நம்பத்தக்க குறிகள். உடனே, சில நொடிகளுக்குள், நெஞ்சுக்குழியின்மேல் குத்தி இதயத்தையொட்டிய பெருங்குழாய்களை அறுத்துக் குருதியை வடிக்க வேண்டும். தாழ்த்தினால் உணர்வு திரும்பக்கூடும். இந்த ஒழுங்கில் தவறினால் ஊனே சாட்சி சொல்லும். அறுக்கும் தறுவாயில் மிரண்ட பன்றியின் தசையில் அமிலம் விரைந்து பெருகி, உடற்சூடு ஆறுமுன்பே ஊன் வெளிறி நெகிழ்ந்து நீர் கசியும். நெடுநேரம் அலைக்கழிந்த பன்றியின் ஊன் கருத்து இறுகி விரைவில் கெடும். பின்னர் மயிர் நீக்க 60 பாகை செல்சியஸ் அளவிலான வெந்நீர் போதும். நம் ஊரில் வைக்கோலிட்டு வாட்டுவார்கள். தோலின் சுவைக்கு அதுவே மேல் என்போர் இரு நாட்டிலும் உண்டு.

கலிபோர்னியா வாக்காளர் 2018இல் நிறைவேற்றிய 12ஆம் முன்மொழிவு, சினைப்படுத்தும் பெண்பன்றி ஒன்றுக்கு 24 சதுர அடி இடம் வேண்டும் என்றது. அவ்விடமின்றி வளர்ந்தவற்றின் ஊன் வேறு மாநிலத்திலிருந்து வந்தாலும் இங்கு விற்கலாகாது. பன்றி உற்பத்தியாளர் தொடுத்த வழக்கை உச்சநீதிமன்றம் 2023 மே மாதம் தள்ளியது. வாங்குபவன்மீது பொறுப்பைச் சுமத்தும் இம்முறை திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரத்தைப் பயின்றவர்க்குப் புதிதன்று. தின்பதற்காக வாங்குவோர் இல்லையேல் ஊன் விற்போரும் இரார் என்னும் வாதம் அங்கே முன்பே இருக்கிறது. வள்ளுவர் அதிலிருந்து உண்ணாமையை நோக்கிச் சென்றார். கலிபோர்னியா சதுர அடியை நோக்கிச் சென்றது. வீட்டில் வளர்த்து அறுப்பவரோ இவ்விரண்டுக்கும் வெளியே நிற்கிறார். வாங்குபவரும் விற்பவரும் கொல்பவரும் ஒருவரேயாகிவிட்டதால், வேறெவர்மீதும் பழியைச் சாத்த அவருக்கு வழியில்லை.

தமிழக அரசின் கால்நடைப் பல்கலைக்கழகம் காட்டுப்பாக்கத்தில் வெண்பன்றி இனங்களை வளர்த்துப் பயிற்சியும் அளித்து வருகிறது. கொட்டில், தீனி, குட்டி ஈனல், நோய்த்தடுப்பு பற்றித் தமிழில் கையேடுகள் கிடைக்கின்றன. தெருவில் பன்றி வளர்ப்போர் கைக்கு எட்டும் வகையில், மயக்கமூட்டலையும் குருதி வடித்தலையும் படத்தோடு விளக்கும் ஒரு தமிழ்க் கையேடு வேண்டும். அதை எழுத முற்படுவோர் முதலில் கலைச்சொற்களைத் தொகுக்க வேண்டியிருக்கும். அவற்றுட் பாதியேனும் அறுப்பவர்களிடமே கேட்டுப் பெறத்தக்கவை.