விண்மீன் நோக்க இரு கண்கள்

நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியில் ஒரு சிறு தொலைநோக்கி இருந்தது. ஒரு தை மாதத்து இரவில், அதனைக் கார்த்திகை மீன்கூட்டத்தின் மேல் திருப்பி மாணவர்களைப் பார்க்கச் சொன்னேன். ஒரு சிறுவன் கண்ணை எடுத்துவிட்டு, "ஐயா, மற்ற மீன்கள் எங்கே?" என்று கேட்டான். அக்கேள்வியே இன்றைய பேச்சுக்கு வித்து.

கார்த்திகைக் கூட்டம் வானில் ஏறத்தாழ இரண்டு பாகை அகலம் பரவியுள்ளது. முழுநிலவின் அகலமோ அரைப்பாகைதான். எங்கள் தொலைநோக்கி ஒரு பாகையளவே காட்டிற்று. ஆகவே கூட்டத்தின் ஒரு மூலையை மட்டும் அவன் கண்டான். சனிக்கோளின் வளையத்தைக் காண அதிக உருப்பெருக்கம் வேண்டும். அதற்குத் தொலைநோக்கியே உரியது. பரந்து கிடக்கும் மீன்கூட்டங்களைக் காண்பதற்கோ பைனாகுலர் என்று நாம் வழங்கும் இருகண் நோக்கியே ஏற்றது. ஒன்று மற்றொன்றுக்குத் துணையேயன்றிப் பகையன்று.

அண்மையில் என் பழைய மாணவர் சிலர், தாம் படித்த கிராமப் பள்ளிக்குப் பெரிய இருகண் நோக்கி ஒன்று வாங்கித்தரப் பணம் சேர்த்துக்கொண்டு என்னிடம் யோசனை கேட்டனர். முன்பு நான் செய்த பிழையை அவர்களும் செய்யலாகாது என்பதற்காகச் சில செய்திகளைச் சொன்னேன். அவற்றையே உங்களுக்கும் கூறுகிறேன்.

கருவியின் மேல் 10×50 என்று பொறித்திருப்பார்கள். முதல் எண் உருப்பெருக்கம். இரண்டாவது எண் முன்புற வில்லையின் விட்டம், மில்லிமீட்டரில். விட்டம் இரு மடங்கானால் சேரும் ஒளி நான்கு மடங்காகும். அவ்வாறாயின் எல்லாவற்றிலும் பெரியதையே வாங்கிவிடலாமே என்று எண்ணுவீர்கள். நானும் அவ்வாறே எண்ணினேன்.

இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்துப் பாருங்கள். 7×50 கருவிக்கு ஏழு, 10×50 கருவிக்கு ஐந்து, 20×80 கருவிக்கு நான்கு. கண்ணுக்குள் புகும் ஒளிக்கற்றையின் அகலம் இத்தனை மில்லிமீட்டர். இருளில் உங்கள் கண்மணி ஏழு மில்லிமீட்டர் வரை விரியும். அறுபது கடந்த என் போன்றோர்க்கு ஐந்தளவில் நின்றுவிடுவதுண்டு. எனவே 7×50 கருவி தரும் ஒளி முழுவதும் உங்களுக்குப் பயன்படும். எனக்கு ஒரு பகுதி வீணாகும்.

அடுத்தது எடை. 10×50 கருவியைக் கையில் பிடிக்கலாம். 20×80 கருவியோ இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும். கையின் நடுக்கத்தையும் அது இருபது மடங்காக்கிக் காட்டும். உறுதியான முக்காலி இன்றி அதனால் பயனில்லை. நம் சேலம், நாமக்கல் சமவெளியில் மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. இங்கே கார்த்திகையும் வேட்டைக்காரன் மண்டலமும் ஏறத்தாழத் தலைக்கு நேர்மேலே வருகின்றன. முக்காலியில் பொருத்திய நேர்குழல் கருவியில் அவற்றைக் காணக் கழுத்தை முறிக்க வேண்டும். கண்வைக்கும் பகுதி சாய்ந்த கருவிகள் உள்ளன. ஆனால் விலை மிகுதி. கையில் பிடிக்கும் கருவியாயின், கயிற்றுக் கட்டிலில் மல்லாந்து படுத்தே பார்க்கலாம்.

இனி என் பிழையைச் சொல்லவேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், ஒருவர் பயன்படுத்திய 20×80 கருவி ஒன்றைச் சோதியாமல் பள்ளிக்கு வாங்கினேன். அன்றிரவே மாணவர்கள் இரண்டு நிலவுகளைக் கண்டனர்! இரு குழல்களும் ஒரே திசையை நோக்கவில்லை. பிள்ளைகள் கொண்டுவந்த காசு அது. இன்றும் நினைத்தால் நெஞ்சு உறுத்துகிறது. வாங்குமுன் ஒரு விண்மீனை நோக்கி, ஒரு குழலை மட்டும் தெளிவிழக்கச் செய்யுங்கள். மற்றக் குழலின் ஒளிப்புள்ளி அம்மங்கலான வட்டத்தின் நடுவே நிற்க வேண்டும். விலகி நின்றால் வாங்காதீர்கள்.

இங்கிலாந்தில் பீட்டர்பரோ நகருக்கருகே ஜார்ஜ் ஆல்காக் என்ற பள்ளியாசிரியர் வாழ்ந்தார். ஆயிரக்கணக்கான விண்மீன்களின் நிலைகளை அவர் மனப்பாடமாக அறிந்திருந்தார். ஓய்வு பெற்றபின், 1983ஆம் ஆண்டு மே மாதத்தில், வீட்டின் மூடிய சன்னல் வழியாகவே 15×80 இருகண் நோக்கியால் ஒரு வால்மீனைக் கண்டார். கருவியினும் பழகிய கண்ணே பெரிது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

நமக்கோ அவருக்கில்லாத பேறு ஒன்று உண்டு. ஒமேகா செண்டாரி என்னும் உருண்டையான மீன்கொத்து இங்கிலாந்தில் அடிவானத்திற்கு மேல் எழுவதேயில்லை. இங்கோ மே மாத இறுதியில், இரவு ஒன்பது மணியளவில், தென்வானில் முப்பது பாகை உயரத்தில் நிற்கும். நகர விளக்குகளை விட்டகன்று, தெற்கே திறந்த வயல்வரப்பில் நின்று பாருங்கள். பஞ்சுப் பொதிபோல் தோன்றும். அவ்விடத்தை அறிந்தபின் தொலைநோக்கியைத் திருப்பினால் தனித்தனி மீன்கள் தென்படும்.

என் பழைய மாணவர்களுக்கு நான் கூறிய முடிவு இது: ஒரு பெரிய கருவிக்கு மாறாக 10×50 கருவிகள் இரண்டு வாங்குங்கள், பணம் மிஞ்சினால் பின்னர் 15×70 ஒன்றும், நல்ல முக்காலியும். ஒருவர் தொலைநோக்கியில் பார்க்கையில் மற்றவர் காத்திருக்க வேண்டியதில்லை. பகலில் எக்கருவியாலும் கதிரவனை நோக்கலாகாது. நொடிப்பொழுதில் பார்வை போய்விடும்.

சென்ற தை மாதத்தில் அப்பள்ளிக்குச் சென்றிருந்தேன். ஒரு சிறுமி கருவியைக் கண்ணில் வைத்தபடி கார்த்திகை மீன்களை எண்ணிக்கொண்டிருந்தாள். முப்பதுக்கு மேல் எண்ணியும் அவள் நிறுத்தவில்லை.